கடைசி ஆள் எடுக்க வேண்டிய கொப்பு

கொடைக்கானலில் என் லாட்ஜுக்குப் போகணும் என்று சொன்னால் டாக்ஸிக்காரன் வழி கேட்க மாட்டான். இதைப் பெருமைக்குத்தான் சொல்கிறேன். பெருமைப்பட எனக்குப் பாத்தியதை உண்டு. மூணாங்கிளாஸோடு படிப்பு நின்றது. பன்னிரண்டு வயசில் அய்யம்பாளையத்திலிருந்து ஒரு துண்டோடு மலை ஏறினவன் நான். மிஷன் பங்களாக்களுக்கு விறகு சுமந்தேன். ஒரு தடவை ஏரிக்கரையிலிருந்து மேட்டு பங்களாவுக்கு பியானோ ஒன்றை நாலு பேர் தூக்கிக்கொண்டு போனோம். மூணு பேர் நடுவழியில் இறக்கி வைக்கலாமா என்று கேட்டார்கள். நான் கேட்கவில்லை. இங்கிலீஷைக் காதால் கேட்டே படித்தேன். தமிழ் எழுத்தைக் கடைப் பலகைகளைப் பார்த்துப் பார்த்துத் திருத்திக்கொண்டேன். என் கையெழுத்தைப் பார்த்து "நீங்க வாத்தியாருங்களா" என்று கேட்டவர்கள் உண்டு. அந்தக் கையெழுத்தில் ஒரு பொய்யும் கடல் தாண்டிப் போயிருக்கிறது. அதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன். சுற்றி வளைக்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எழுபதுகளின் நடுவில் கொடைக்கானலுக்கு வந்தவர்களுக்கு எல்லோரும் படகையும் குதிரையையும் காட்டிக்கொண்டிருந்தார்கள். நான்தான் காட்டருவியைக் காட்டினேன். எனக்கு முந்தி யாரும் அந்தச் சோலியைச் செய்யவில்லை. தாண்டிக்குடிப் பக்கம் காப்பித் தோட்டங்கள் முடிகிற இடத்தில் வாடகை ஜீப்பை நிறுத்திவிட்டு, பளியர் என்கிற மலைச்சனத்தின் குடி ஒன்றின் வழியாக இறங்கி, ரெண்டரை மணி நேரம் நடந்தால் அந்த அருவி. பேர் கிடையாது. அந்தச் சனம் "தண்ணி விழுகிற எடம்" என்றுதான் சொல்லும். நெட்டுக்குத்தாக விழாது. பாறை பாறையாகத் தாவி, கடைசியில் ஒரு குளத்தில் போய் அமைதியாகிவிடும். கீழே போகப் போக அது மருதாநதியில் சேருகிறது. மெட்ராஸ்காரர்கள் அதைப் பார்த்துவிட்டுப் பேசாமல் நிற்பார்கள். அவர்களைப் பேசாமல் நிற்க வைத்தது நான்தான் என்று எனக்குள் ஒரு திமிர்.

வழி காட்டினது நான் இல்லை. அந்தக் குடியில் ஒரு புருசன் பொஞ்சாதி. என்னைவிட ரெண்டு மூணு வயசு இளையவர்கள். அவன் அரிவாளோடு முன்னால் போவான். ரெண்டாவது ஆளாக அவள். தடம் பிரிகிற ஒவ்வொரு இடத்திலும் அவள் பக்கத்துச் செடியில் இலையோடு ஒரு கொப்பை ஒடித்து, போகக் கூடாத தடத்தின் குறுக்கே போட்டுவிட்டு நடப்பாள். கொப்பு கிடந்தால் அந்தத் தடம் மூடியாச்சு. பின்னால் வருகிறவன் எவ்வளவு தூரம் பிந்தினாலும் வழி தப்ப மாட்டான். கூப்பாடு போட வேண்டியதில்லை, காத்திருக்க வேண்டியதில்லை.

இதில் இன்னொரு பாதி இருக்கிறது. கடைசியாக வருகிற ஆள் அந்தக் கொப்பை எடுத்துவிட வேண்டும். எடுத்து, மேட்டுப் பக்கம் மண்ணில் சாய்த்து வைக்க வேண்டும். ஏன் எடுக்கணும், கிடந்துவிட்டுப் போகட்டுமே என்று நான் அவனிடம் கேட்டேன்.

"நாம போன பெறகும் கெடந்தா அது பொய்யிண்ணே. நாளைக்கு வாரவன் அந்தத் தடத்துல ஆனை நிக்கிதுன்னு நெனப்பான்."

பள்ளத்தில் எறிந்தால் என்ன என்று கேட்டேன். எறிந்தால் கொப்பு போட்டதற்கே சாட்சி இல்லாமல் போகும் என்றான். மேட்டில் சாய்த்த கொப்பைப் பார்த்தால், ஒரு கூட்டம் சரியாகக் கடந்து போயிருக்கிறது என்று தெரியுமாம். இலை வாடினதை வைத்து எப்போது போனார்கள் என்றும் சொல்லுவான்.

ரெண்டு வருசம் கழித்து அவனாகவே ஒரு நாள் என்னிடம், "இனிமே கடைசி ஆளு நீங்க" என்றான். அதுவரை அவன் தம்பிமார் யாராவது ஒருத்தர் கடைசியில் வருவார்கள். வெளியாள் ஒருவனுக்கு அந்த வேலையைக் கொடுத்தது எனக்குத்தான். லாட்ஜுக்கு அஸ்திவாரம் போட்ட அன்றைக்குக்கூட நான் அப்படிப் பூரித்துப் போகவில்லை.

என்னிடம் ஒரு சமையல்காரன் இருந்தான். சிலோன் தோட்டத்திலிருந்து திருப்பி அனுப்பப்பட்ட சனத்தில் ஒருத்தன். குடியுரிமைக் காகிதத்தில் அவனுக்கு இந்தியா என்று எழுதியிருந்தது, அவன் அக்காவுக்கு அங்கேயே என்று எழுதியிருந்தது. அதனால் தனியாக வந்து சேர்ந்தான். ரொட்டியைப் பாண் என்பான், டம்ளரைப் பேணி என்பான். அருவிக்கரையில் மூணு கல்லைக் கூட்டி, ஒரு குண்டாவில் சோறும் கருவாட்டுக் குழம்பும் ஆக்கினான் என்றால் மெட்ராஸ்காரர்கள் அருவியைவிட அதைத்தான் ஊரில் போய்ப் பேசினார்கள். குடிக்குத் திரும்பி வந்ததும் எல்லோருக்கும் பால் இல்லாத டீ போடுவான், பிளேன்டீ. நான் அப்போது ஒரு தொப்பி போட்டுத் திரிந்தேன். அதனால் என்னைத் தொரை என்றுதான் கூப்பிடுவான். "தொரைக்குத் தொப்பி பொருத்தம்தான், கீழ இருக்க தலைதான் கொஞ்சம் சின்னது" என்று விருந்தாளிகள் முன்னாலேயே சொல்லுவான். எனக்குக் கோபம் வராது. வேறு யார் சொல்லியிருந்தாலும் வந்திருக்கும்.

அவனிடம் ஒரு பிடிவாதம் இருந்தது. குண்டாவைக் கரியோடு தூக்க மாட்டான். சாம்பலும் மணலும் போட்டு, அருவித் தண்ணியில் தேய்த்து, முகம் தெரிகிற மாதிரி ஆக்கின பிறகுதான் தலையில் ஏற்றுவான்.

அன்றைக்கு மெட்ராஸிலிருந்து ஏழு பேர். காலேஜில் பாடம் சொல்கிறவர்கள். அதில் ஒரு அம்மா எதைப் பார்த்தாலும் கேள்வி கேட்பார். இது என்ன மரம், அது என்ன பறவை, அட்டை கடித்தால் புகையிலைத் தண்ணி ஏன் என்று. படித்தவர்கள் என்னிடம் கேட்டுத் தெரிந்துகொள்வது எனக்கு வெல்லம். வெள்ளனே கிளம்பினதால் மத்தியானத்துக்குள் சாப்பாடு முடிந்தது. மேற்கே மஞ்சு, அதான் மூடுபனி, திரள்வதைப் பார்த்துவிட்டு வழிகாட்டி புறப்படச் சொன்னான். சமையல்காரன் குண்டாவோடு தண்ணியில் குந்தியிருந்தான். நான்தான் அவனிடம், "வெரசா முடிச்சிட்டு வா, முன்னாடி போறோம்" என்றேன். கையைத் தூக்கிக் காட்டினான். மற்ற நாளெல்லாம் அவன் முடிக்கிற வரைக்கும் நான் நின்று, அவனை முன்னால் விட்டுத்தான் நடப்பேன். அன்றைக்கு அந்த அம்மா பக்கத்தில் பேசிக்கொண்டு வந்ததால் நிற்கவில்லை.

அருவியிலிருந்து முக்கால் மணி நேரம் ஏறினால் தடம் ரெண்டாகப் பிரியும். வலது பக்கம் குடிக்கு ஏறுகிறது. இடது பக்கம் தேன்பாறைக்குப் போகிறது. தேன் எடுக்கிற காலத்தில் சனம் நடந்து நடந்து இடது தடம்தான் அகலமாக இருக்கும். தெரியாதவன் அதில்தான் போவான். அது போய் முடிகிற இடத்தில் பாறை, அப்புறம் வெறும் காற்று.

இடது தடத்தின் குறுக்கே கொப்பு கிடந்தது. இலை இன்னும் துவளவில்லை. அந்த அம்மா குனிந்து பார்த்து, இது தானாக விழுந்ததா என்று கேட்டார். எனக்கு அதுக்கு மேல் என்ன வேண்டும். கொப்பு விஷயம் முழுக்கச் சொன்னேன். முன்னால் போகிற பெண் போட்டுப் போகிறாள், கடைசி ஆள் எடுக்க வேண்டும், அந்தக் கடைசி ஆள் இந்தக் காட்டில் என்னை விட்டால் வேறு யாரும் கிடையாது என்று சொன்னேன். முன்னால் போகிற தலைகளை எண்ணினேன். பக்கத்தில் நிற்கிற அம்மாவோடு சேர்த்து ஏழு. சரியாக இருந்தது. என் எண்ணிக்கை எப்போதும் வந்த விருந்தாளிகள் எண்ணிக்கைதான். கொப்பை எடுத்தேன். மேட்டில் சாய்த்து வைக்கவும் இல்லை. அந்த அம்மா பார்த்துக்கொண்டிருக்க, சினிமாவில் வருகிறவன் மாதிரி சுழற்றிப் பள்ளத்தில் எறிந்தேன். அவர் சிரித்தார். நடந்தோம்.

குடிக்கு வந்து சேர்ந்ததும் டீ கேட்டார்கள். டீ போடுகிற ஆள் இல்லை. அப்போதுதான் வந்த தடத்தைத் திரும்பிப் பார்த்தேன்.

மஞ்சு குடி வாசல்வரை வந்துவிட்டது. விருந்தாளிகளை ஜீப்பில் ஏற்றினேன். அந்த அம்மா ஜன்னலிலிருந்து, அந்தச் சமையல்காரர் வரவில்லையே என்று கேட்டார். என்னைப் போலவே அவனுக்கும் மலை பழக்கம், வந்துவிடுவான் என்று சொல்லி அனுப்பிவிட்டேன். நான் கொப்பை எடுத்ததைக் கண்ணால் பார்த்த ஒரே ஆள் அவர்தான். ஜீப் திரும்பி மறைந்தபோது நான் நினைத்தது அதைத்தான், அவனை இல்லை. எழுதவே கூசுகிறது.

வழிகாட்டி கண் தெரிகிற மட்டும் கூப்பிட்டுக்கொண்டே இறங்கித் திரும்பி வந்தான். மறுநாள் விடிந்ததும் போனோம். தேன்பாறைக்கு ஓர் ஆள் உயரம் கீழே, ஒரு புதரில் குண்டா மாட்டிக்கொண்டு நின்றது. கரி ஒரு பொட்டு இல்லை. அவன் அதற்கும் ரொம்பக் கீழே கிடந்தான். வழிகாட்டியும் அவன் தம்பிகளும் கொடியைக் கட்டி இறங்கி மேலே கொண்டுவந்தார்கள். ஸ்டேஷனில் கால் தவறி விழுந்ததாக எழுதிக்கொண்டார்கள். வெளியில் அதோடு முடிந்தது. குடிக்குள் முடியவில்லை.

அவனைக் காப்பித் தோட்டத்து ஓரத்தில் அடக்கம் செய்துவிட்டு வந்து உட்கார்ந்தோம். வழிகாட்டி தன் பொஞ்சாதியிடம் கேட்டான், கொப்பு போட்டாயா என்று. போட்டேன் என்றாள். அவன் ஏற்கெனவே பிரிவுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்திருந்தான். தடத்தில் கொப்பு இல்லை, மேட்டிலும் சாய்த்தது இல்லை. அவள் எழுந்து எங்களை அங்கே கூட்டிக்கொண்டு போனாள். கொப்பு ஒடித்த செடியைத் தொட்டு, ஒடிந்த இடத்தில் பால் உறைந்திருந்ததைக் காட்டினாள். காட்டுமாடு உரசினால்கூட ஒடியும் என்று அவன் தம்பி ஒருத்தன் சொன்னான். வழிகாட்டி என்னைப் பார்த்துத் திரும்பினான்.

"அண்ணே, கடைசி ஆளு நீங்கதான். நீங்க எடுத்தீங்களா?"

அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். பயமாகப் பார்க்கவில்லை. நான் சொல்லிவிடுவேன் என்ற நம்பிக்கையோடு பார்த்தாள்.

"எடுக்கறதுக்குக் கொப்பு கெடக்கலையேப்பா" என்றேன்.

இவ்வளவுதான். ஒரு வரி. பியானோவை இறக்கி வைக்காதவன் இதை இறக்கி வைத்துவிட்டேன், ஒரு பொம்பளை தலையில். ஜீப் போய்விடும், விருந்தாளி வர மாட்டார்கள், இத்தனை வருசம் ஏறினதெல்லாம் அய்யம்பாளையத்துக்கே உருண்டுவிடும் என்று அந்த ஒரு நொடியில் என்னென்னவோ ஓடியது. அவன் அவளை அடிக்கவில்லை, ஒரு வார்த்தை வையவில்லை. சரி என்று மட்டும் சொன்னான். அந்தக் குடியில் அதற்குப் பிறகு அவளுக்குப் பின்னால் யாரும் நடக்கவில்லை.

இது உங்களுக்கு லேசாகத் தெரியலாம். காட்டில் ஒற்றை வரிசையாக நடக்கிற சனம் அது. கிழங்கு தோண்டப் போனாலும், காப்பிப் பழம் பறிக்கப் போனாலும், சந்தைக்குப் போனாலும் ஒருத்தர் பின்னால் ஒருத்தர். அவள் எப்போதும் கடைசி. அவள் முன்னால் வந்துவிட்டால் பின்னால் இருக்கிறவர்கள் நின்றுவிடுவார்கள், அவள் ஒதுங்குகிற வரைக்கும் நிற்பார்கள். தாண்டிக்குடிச் சந்தையில் நானே பார்த்திருக்கிறேன். பத்துப் பேர் வந்தால் பத்தாவது ஆள் அவள். அருவித் தடத்தையும் அவர்கள் மூடிவிட்டார்கள். மரம் ஒன்றை வெட்டிக் குறுக்கே தள்ளிவிட்டார்கள். அந்த மரத்தை எடுக்கிற கடைசி ஆள் என்று யாரும் இல்லை.

சிலோனில் இருக்கிற அக்காவுக்கு நான்தான் கடிதம் எழுதினேன். என் நல்ல கையெழுத்தில், குண்டு குண்டாக. தம்பி நல்லவன், நன்றாகச் சமைப்பான், மஞ்சில் விழுந்துவிட்டான் என்று எழுதினேன். அதோடு விட்டிருக்கலாம். வழி காட்டின மலைக்காரப் பெண் கொப்பு போட மறந்துவிட்டாள், அதனால்தான் என்றும் எழுதினேன். யாரும் என்னை அதை எழுதச் சொல்லவில்லை.

ரெண்டு மாசத்தில் பதில் வந்தது. யாரிடமோ சொல்லி எழுதி வாங்கின கடிதம். தம்பியை வைத்த இடத்தில் ஒரு தேயிலைக் கன்று நட்டுவிடச் சொல்லியிருந்தது. கடைசியில் ரெண்டு வரி. "அந்தப் பொம்பளையை யாரும் ஏச வேணாம். தெரியாமத்தான் செஞ்சிருக்கும், நான் ஒன்னும் மனசில வச்சிருக்கல்லன்னு அதுக்கிட்ட சொல்லிருங்க." தேயிலைக்கு நான் எங்கே போவேன். ஒரு காப்பி நாற்றை வைத்தேன். அந்த ரெண்டு வரியை மட்டும் அவளிடம் சொல்லவில்லை. கடிதத்தைத் தகரப் பெட்டிக்கு அடியில் போட்டேன்.

அதற்கப்புறம்தான் நான் நிஜமாகவே மேலே வந்தேன். அருவியை விட்டேன், ஜீப் சொந்தமாக வாங்கினேன், லாட்ஜுக்கு இடம் பிடித்தேன், கன்னிவாடியிலிருந்தும் பழனியிலிருந்தும் ஆட்களைக் கூட்டிவந்து வேலை கொடுத்தேன். யார் தயவும் இல்லை, இந்த ரெண்டு கையும் காலும்தான் என்று எல்லோரிடமும் சொன்னேன். அதில் பொய் இல்லை. ஆனால் சொல்லி முடித்ததும் ஒவ்வொரு தடவையும் அந்தப் பெண் என்னைப் பார்த்த பார்வை வந்து நிற்கும். அவள் பொறுமையாக இன்னும் நான் சொல்லக் காத்திருக்கிற மாதிரி.

எண்பதுகளின் கடைசியில் மேல்மாடி கட்டி முடித்துச் சாமான் மாற்றினபோது அந்தப் பெட்டி திறந்தது. கடிதத்தை எடுத்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, காலை பஸ்ஸிலேயே தாண்டிக்குடிப் பக்கம் போனேன். ஜீப் இருந்தும் பஸ்ஸில் போனேன்.

நிஜத்தைச் சொல்லும் நினைப்போடு போகவில்லை. கடிதத்தைப் படித்துக் காட்டினால் போதும், அவளுக்கும் ஆறுதல், எனக்கும் பாரம் குறையும் என்ற கணக்கு. ரெண்டு பேரும் குடிசைக்கு வெளியில் காப்பிப் பழம் காயப் போட்டுக்கொண்டிருந்தார்கள். அவளுக்குத் தலை பாதி நரைத்திருந்தது. பத்து வருசம் ஆகியும் "வாங்கண்ணே" என்றாள். பாயை உதறிப் போட்டாள். நான் கடிதத்தைப் பிரித்து அந்த ரெண்டு வரியைப் படித்தேன். ஏச வேணாம் என்றால் வைய வேணாம் என்று அர்த்தம் என்றும் சொன்னேன்.

அவள் கேட்டு முடித்துவிட்டு, பழத்தைக் கையால் பரத்திக்கொண்டே சொன்னாள்.

"அந்தக்கா நல்லாருக்கட்டும். ஆனா நான் போட்டேண்ணே."

பத்து வருசமாக ஒரு சொல்கூட மாறாமல் அதே வார்த்தை. நான் தொப்பியைக் கழற்றினேன். அதற்குமேல் என்ன சொன்னேன், எப்படிச் சொன்னேன் என்று ஞாபகம் இல்லை. கொப்பு கிடந்ததையும், எடுத்ததையும், அந்த மெட்ராஸ் அம்மா சிரித்ததையும் சொன்னேன்.

வழிகாட்டி கையிலிருந்த பழத்தைக் கீழே வைத்தான். அப்புறம் கேட்டான். "எந்தப் பக்கம் போட்டீங்க?"

"பள்ளத்துல எறிஞ்சிட்டேன்."

"நான் மேட்டுல தேடினேன்" என்றான். "மூணு நாளு தேடினேன்."

அவளைப் பார்க்காமல்தான் சொன்னான். அவள் அவன் பக்கமும் திரும்பவில்லை, என் பக்கமும் திரும்பவில்லை. அழுவாள், வைவாள், மண்ணை வாரி எறிவாள் என்று நான் எதிர்பார்த்தேன். அவள் கேட்டது இதுதான்.

"அப்ப அந்த மனுசரு அங்கன நின்னு என் கொப்பைத் தேடியிருப்பாரு, இல்லண்ணே?"

பத்து வருசத்தில் எனக்கு இது தோன்றியதே இல்லை. அவன் விழுந்ததைத்தான் நினைத்திருக்கிறேன். மஞ்சுக்குள் தலையில் குண்டாவோடு, ரெண்டு தடத்துக்கும் நடுவில் நின்று, கொப்பு எங்கே என்று குனிந்து குனிந்து தேடினதை நினைத்ததில்லை. எங்களோடு நடந்து பழகினவன். கொப்பைப் பார்க்காமல் ஒரு அடி வைக்க மாட்டான். தேடித்தான் இருப்பான். ரெண்டிலும் இல்லை என்றதும் அகலமான தடத்தில் போயிருப்பான்.

மத்தியானம் கடந்ததும் நான் எழுந்தேன். ரோட்டுக்குப் போகிற குறுக்குத் தடத்தில் இப்போது புதர் மண்டிவிட்டது, தனியாகப் போனால் வழி தப்பிவிடும் என்று அவன் அரிவாளை எடுத்தான். எடுத்தவன் முன்னால் போகவில்லை. அவளைப் பார்த்து, "நீ முன்னாடி போ" என்றான். குடியில் இருந்த மற்ற சனம் வேலையை விட்டுவிட்டுப் பார்த்தது. அவள் துணியை இழுத்துச் செருகிக்கொண்டு நடந்தாள். அவளுக்குப் பின்னால் அவன் நடந்தான். நான் கடைசி.

காப்பித் தோட்டத்துக்கு முந்தி ஒரு இடத்தில் தடம் பிரிந்தது. அவள் நிற்காமல் கையை நீட்டி ஒரு கொப்பை ஒடித்து, இடது பக்கம் போட்டுவிட்டுப் போனாள். அவன் அதைத் தாண்டி வலது பக்கம் ஏறினான்.

நான் கொப்புக்கு முன்னால் வந்து நின்றேன். எடுக்க வேண்டியது நான். திரும்பிப் பார்த்தேன். ஒருத்தரும் இல்லை. வந்த வழி நெடுக வெயில் இருந்தது, மஞ்சு இல்லை. பின்னால் யாரும் வரப்போவதில்லை என்று எனக்கு நன்றாகத் தெரியும். இருந்தாலும் குனிய முடியவில்லை. யாரோ கையைத் தூக்கி, முடித்துவிட்டு வருகிறேன் என்று காட்டின மாதிரியே இருந்தது. நின்றேன். கொப்பில் இலை துவள ஆரம்பிக்கிற வரைக்கும் நின்றேன்.

முன்னால் போனவர்கள் என்னைக் கூப்பிடவில்லை.